கவனிக்கத் தெரிந்தவர்கள்

ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859-ல் எழுதிய ‘நோட்ஸ் ஆன் நர்சிங்’ நூலில் ஓர் அத்தியாயம் முழுக்கச் சத்தத்தைப் பற்றியது. உணவு, படுக்கை, வெளிச்சம் எல்லாவற்றுக்கும் முன்னால் அதை வைத்திருக்கிறார். பெரிய சத்தத்தைவிட, என்னவோ ஏதோ என்று நோயாளியைக் காத்திருக்க வைக்கும் சத்தம்தான் அதிகம் துன்புறுத்துகிறது என்கிறார். கதவருகே தாழ்ந்த குரலில் நடக்கும் பேச்சு, செவிலியின் உடை உரசும் ஓசை, சாவிக்கொத்தின் சலசலப்பு, கிறீச்சிடும் காலணி என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுகிறார். தேவையில்லாத சத்தம் நோயாளிக்கு இழைக்கப்படும் கொடுமை என்பது அவருடைய தீர்மானமான முடிவு.

நர்சிங் முதலாண்டு வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுக்கும்போது பெரும்பாலோர் பழைய காலத்துச் செய்தியாகக் கேட்டுக்கொள்வார்கள். எப்போதாவது ஒருத்தி நிமிர்ந்து உட்காருவாள். டியூப்லைட் இரைவது தனக்குக் கேட்கிறது என்பாள். இன்னொருத்திக்கு ஸ்பிரிட் வாசனையும் ஃபினாயில் வாசனையும் கலந்து வந்தால் தலை சுற்றும். மற்றொருத்திக்குக் கஞ்சி போட்ட யூனிஃபார்மின் காலர் நாள் முழுக்கக் கழுத்தை அறுத்துக்கொண்டே இருக்கும். இவர்களில் சிலருக்கு ஆட்டிசம் என்று பின்னால் தெரியவந்திருக்கிறது. பலருக்கு எந்தப் பெயரும் கிடைத்ததில்லை. ‘அவ கொஞ்சம் ஒரு மாதிரி’ என்பதோடு ஹாஸ்டல் விட்டுவிடும்.

பிளஸ் டூ முடிவு வரும் மாதங்களில் பெற்றோர் சிலர் தேடிவந்து கேட்பார்கள். “பயாலஜில நல்ல மார்க், மேடம். நர்சிங்தான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. ஆனா ஆட்டிசம்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. முகத்தைப் பார்த்தே பேச மாட்டா. பேஷண்டுகிட்ட எப்படி அன்பா இருப்பா?”

இந்தக் கவலை உண்மையானது. நினைத்தால் யாரும் எதுவும் ஆகலாம் என்று உற்சாகப்படுத்தி அனுப்பிவிட எனக்கு மனம் வருவதில்லை. நடுவில் இருப்பது ஒரு நோயாளியின் உயிர். ஆகவே இரண்டு கேள்விகளையும் தனித்தனியே கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது: இவளுக்கு அன்பு இருக்குமா, இவளுக்கு வேலை வருமா?

அன்பு இருக்காது என்ற எண்ணம் பரவியதற்கு ஒரு வரலாறு உண்டு. 1985-ல் சைமன் பேரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, ஊட்டா ஃபிரித் ஆகிய மூவர் லண்டனில் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஒரு பொம்மை கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறது. இன்னொரு பொம்மை அதை எடுத்துப் பெட்டிக்குள் மறைக்கிறது. திரும்பி வரும் முதல் பொம்மை கோலியை எங்கே தேடும்? ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளில் 16 பேர் பெட்டியைக் காட்டினார்கள். பிறர் மனதில் இருப்பதை ஊகிப்பது இவர்களுக்குக் கடினம் என்றது ஆய்வு. ஊகிப்பது வேறு, இரங்குவது வேறு. ஆனால் அந்த முடிவு பாடப்புத்தகங்கள் வழியாகவும் பயிலரங்குகள் வழியாகவும் இறங்கிவந்து, இவர்களுக்கு இரக்கமே கிடையாது என்ற ஊர்ப்பேச்சாகிவிட்டது. பிறர் வலியைக் கண்டால் தாங்க முடியாமல் உறைந்துபோகிறவர்கள் இவர்களில் நிறைய உண்டு. அந்த உறைந்த முகத்தைப் பார்த்து, உள்ளே ஒன்றுமில்லை என்று நாம் எழுதிக்கொண்டோம்.

2012-ல் டேமியன் மில்டன் என்ற சமூகவியலாளர், தாமே ஆட்டிசம் உள்ளவர், இதற்கு ஒரு மறுப்பு எழுதினார். ஆட்டிசம் உள்ளவர் மற்றவரைப் புரிந்துகொள்ளத் திணறுகிறார் என்றால், மற்றவரும் அவரைப் புரிந்துகொள்ளத் திணறுகிறார். தவறு ஒரு பக்கத்தில் மட்டும் எப்படி இருக்கும் என்பது அவர் கேள்வி. 2020-ல் எடின்பரோவிலிருந்து கேத்தரின் கிராம்ப்டனும் உடன் பணிபுரிந்தவர்களும் வெளியிட்ட ஆய்வு அதைச் சோதித்துக் காட்டியது. ஒருவருக்குச் சொன்ன கதை அடுத்தவருக்கு, அவரிடமிருந்து அதற்கடுத்தவருக்கு என்று வரிசையாகப் போக வேண்டும். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசையில் கதை, மற்றவர்கள் மட்டும் இருந்த வரிசையில் போன அதே அளவுக்கு நன்றாகவே போய்ச் சேர்ந்தது. இரு வகையினரும் மாறிமாறி நின்ற வரிசையில்தான் அதிகம் சிந்தியது. ஆஸ்பத்திரி டியூட்டி மாறும் நேரத்தில் நடக்கும் ஹேண்டோவரை நினைத்துக்கொண்டு இந்த ஆய்வைப் படித்தால் வயிற்றைக் கலக்கும். சிந்துவது கதை இல்லை, நோயாளியைப் பற்றிய செய்தி.

சரி, வேலை வருமா?

செவிலியர் வேலை என்றால் சிரித்த முகம் என்று வெளியே நினைக்கிறார்கள். சிரித்த முகம் நல்லதுதான், பயந்து வரும் நோயாளிக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் ஒரு வார்டில் ராத்திரி இரண்டு மணிக்கு ஓர் உயிர் தப்புவதும் தவறுவதும் பெரும்பாலும் கவனிப்பில் இருக்கிறது. மூச்சை எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் நிலை மோசமாகப் போகிறது என்பதற்கு முதலில் தெரியும் அறிகுறிகளில் ஒன்று, மூச்சின் எண்ணிக்கை கூடுவது. பி.பி. இறங்குவதற்கு மணிக்கணக்கு முன்பே அது கூட ஆரம்பித்துவிடும். அதை அளக்க எந்த மெஷினும் வேண்டாம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணினால் போதும். ஆனால் எந்த ஊர் வார்டிலும் சார்ட்டுகளைப் புரட்டிப் பாருங்கள்: 18, 20, 20, 18, 20. நாற்பது பேருக்கும் ஒரே மூச்சு. எண்ணாமல் எழுதியது என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை. மூச்சு எண்ணிக்கைதான் அதிகம் அலட்சியப்படுத்தப்படும் அளவு என்று மருத்துவ இதழ்கள் பல நாட்டு ஆஸ்பத்திரிகளைப் பற்றியும் திரும்பத் திரும்ப எழுதியிருக்கின்றன.

இந்த இடத்தில்தான் அந்த ‘ஒரு மாதிரி’ பெண்கள் வருகிறார்கள். ஒரு நிமிடம் எண்ண வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தால் ஒரு நிமிடம் எண்ணுகிறவர்கள். “இப்படி நின்னு எண்ணிக்கிட்டிருந்தா வார்டை எப்ப முடிக்கிறது?” என்று சீனியர் அதட்டினாலும், எண்ணாமல் ஓர் எண்ணை எழுதக் கை வராதவர்கள். சார்ட்டில் 28 என்று எழுதிவிட்டு, நர்சிங் ஸ்டேஷனில் வந்து நின்று, யார் முகத்தையும் பார்க்காமல், “ஒன்பதாம் பெட், இருபத்தெட்டு. காலையில பதினாறு இருந்துச்சு” என்று சொல்வார்கள். குரலில் பதற்றம் இருக்காது. அதனாலேயே சில சமயம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால், எனக்கு உடம்புக்கு முடியாமல் படுத்தால் என் பக்கத்தில் இருக்க வேண்டியவர் அந்த 28-ஐ எண்ணியவர்தான்.

இதைச் சொல்லும்போதே ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். ஆட்டிசம் என்றால் அபாரத் திறமை என்று சிலர் இப்போது எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கவனம் ஒரே இடத்தில் ஊன்றிப்போய்ப் பக்கத்துக் கட்டிலைத் தவறவிடுகிறவர்களும் இவர்களில் உண்டு. ஒரே நேரத்தில் மூன்று பேர் கூப்பிட்டால் திகைத்து நின்றுவிடுகிறவர்களும் உண்டு. பயன்பட்டால்தான் மதிப்பு என்ற கணக்கில் மனிதரை எடைபோடுவதும் கூடாது. திறமை இருந்தும் வேலைக்குப் பொருந்தாதவர்கள் என்று வெளியே தள்ளப்படுகிறவர்களைப் பற்றித்தான் பேசுகிறேன்.

“கொஞ்சம் பார்த்துக்கோங்க சிஸ்டர்” என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போவார். நம் வார்டுகளில் தினமும் நூறு முறை ஒலிக்கும் வாக்கியம். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். இவள் கேட்பாள்: “எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை பார்க்கணும் சார்? பி.பி. எதுக்குக் கீழ போனா உங்களைக் கூப்பிடணும்?” உடனே முகங்கள் மாறும். எதிர்த்துப் பேசுகிறாள், மரியாதை தெரியவில்லை என்று ஆகிவிடும். மருத்துவ உலகமே பெரும் விலை கொடுத்துக் கற்றுக்கொண்ட பாடம் இந்தக் கேள்விதான் என்பது அங்கே யாருக்கும் நினைவிருக்காது. அமெரிக்க அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் தகவல் சொல்வதற்கு வைத்திருந்த ஒழுங்கை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து, எஸ்பார் என்ற பெயரில் இன்று செவிலியர்களுக்குக் கற்பிக்கிறோம்: இப்போது என்ன நிலைமை, இதற்கு முன் என்ன நடந்தது, நான் என்ன நினைக்கிறேன், நீங்கள் என்ன செய்ய வேண்டும். சாடையாகச் சொல்லாதே, நேராகச் சொல் என்பதுதான் அதன் சாரம்.

2001-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பீட்டர் புரோனோவோஸ்ட் ஒரு சின்னப் பட்டியல் போட்டார். பெரிய ரத்தக்குழாயில் லைன் போடும்போது கை கழுவுவதில் தொடங்கி எதையெல்லாம் செய்ய வேண்டும் என்று அதில் இருந்தது. ஒரு படியை டாக்டர் விட்டுவிட்டால் அவரை நிறுத்தும் அதிகாரத்தைச் செவிலியருக்குக் கொடுத்தார்கள். 2008-ல் உலக சுகாதார நிறுவனம் அறுவை சிகிச்சைக்கென ஒரு சரிபார்ப்புப் பட்டியல் வெளியிட்டது. புதுடெல்லி உட்பட எட்டு நகரங்களில் அதைப் பரிசோதித்த முடிவுகள் 2009-ல் வந்தன. அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய மரணங்கள் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்திருந்தன. தெரிந்ததுதானே என்று யாரும் வாய்விட்டுச் சொல்லாமல் விட்டதையெல்லாம் சொல்ல வைத்தது அந்தப் பட்டியல். சொல்லாமல் விட்டதைப் புரிந்துகொள்ளத் தெரியவில்லை என்று நாம் யாரைக் குறை சொல்கிறோமோ, அவர்கள் கேட்டுக்கொண்டிருந்ததும் இதைத்தான்.

சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்வது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஆலிவர் மெக்கோவன் என்ற இங்கிலாந்துப் பையனின் கதை இருக்கிறது. அவனுக்கு ஆட்டிசமும் வலிப்பும் இருந்தன. 2016-ல் வலிப்புக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, மனநோய்க்கான மருந்துகள் தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று அவனே சொன்னான், பெற்றோரும் சொன்னார்கள். ஆனாலும் ஓலான்சபின் கொடுத்தார்கள். மூளை வீங்கி, 18 வயதில் இறந்துபோனான். அவன் தாய் பாலா மெக்கோவன் விடாமல் போராடினார். இங்கிலாந்தில் மருத்துவத் துறை ஊழியர்களுக்கு ஆட்டிசம் பற்றிய பயிற்சி தர வேண்டும் என்று 2022-ல் சட்டம் வந்தது. அந்தப் பயிற்சிக்கு ஆலிவரின் பெயர். அதை நடத்துவதில் ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் பங்கு உண்டு. நோயாளியாக அவர்கள் படும் பாடும் பதிவாகியிருக்கிறது. மேரி டோஹர்ட்டி என்ற ஐரிஷ் மயக்க மருந்து நிபுணர் உடன் பணிபுரிந்தவர்களுடன் 2022-ல் வெளியிட்ட ஆய்வில், டாக்டரைப் போய்ப் பார்ப்பதே சிரமம் என்றவர்கள் ஆட்டிசம் உள்ளவர்களில் 80 சதவீதம், மற்றவர்களில் 37 சதவீதம். டோஹர்ட்டிக்கும் ஆட்டிசம் உண்டு. ஆட்டிசம் உள்ள டாக்டர்களுக்கென்று 2019-ல் ஒரு பன்னாட்டு அமைப்பையும் அவர் தொடங்கினார்.

அந்த வட்டத்திலிருந்து 2023-ல் வந்த மற்றோர் ஆய்வை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆட்டிசம் உள்ள 225 டாக்டர்களிடம் கேட்டதில், 77 சதவீதத்தினர் ஏதோ ஒரு கட்டத்தில் உயிரை விட்டுவிடலாமா என்று யோசித்திருந்தார்கள். தன்னைப் போன்ற இன்னொருவரோடு சேர்ந்து ஒருபோதும் வேலை செய்திராதவர்களிடம் அந்த எண்ணம் அதிகமாக இருந்தது. இதை நான் பலமுறை படித்துவிட்டேன். வேலை கடினம் என்பது காரணங்களில் ஒன்று. தான் மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டு, எட்டு மணி நேரமோ பன்னிரண்டு மணி நேரமோ மற்றவர்களைப் போல முகம் வைத்துக்கொண்டு, அறைக்குத் திரும்பியதும் பேச்சே வராமல் சுருண்டு படுப்பது இன்னொன்று. 2021-ல் உலகில் 127 பேருக்கு ஒருவர் ஆட்டிசம் உள்ளவர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஒரு பெரிய நர்சிங் கல்லூரியில் 400 பேர் படித்தால், அங்கே அவள் தனியாக இருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் அது அவளுக்குத் தெரிய வழியில்லை.

வார்டின் சத்தத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியைச் சுற்றி 100 மீட்டரை அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம், அங்கே இரவில் 40 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கின்றன நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள். ரோட்டில் ஹாரன் அடிக்காதே என்று பலகை வைக்கிறோம். உள்ளே ஸ்டீல் டிராலி கடகடக்கிறது, பெட்பேன் தரையில் விழுகிறது, அட்டெண்டரின் செல்போனில் சினிமாப் பாட்டு, ஐ.சி.யு.வில் மானிட்டர்கள் ஓயாமல் அலறுகின்றன. அந்த அலாரங்களில் 72 முதல் 99 சதவீதம் வரை பொய் அலாரங்கள் என்று பல ஆய்வுகளைத் தொகுத்த கட்டுரை ஒன்று சொல்கிறது. மற்ற செவிலியர்களுக்கு அது காதில் விழாமலே போய்விடுகிறது. உண்மையான அலாரமும் அதோடு சேர்ந்து விழாமல் போகிறது. இவளுக்கு எல்லாமே விழுகிறது. அதில் ஒரு டியூட்டி முழுக்க நிற்பது எவ்வளவு பெரிய உழைப்பு என்று மற்றவர்களால் ஊகிக்க முடிவதில்லை. பிறர் மனதை ஊகிக்கும் திறன் இந்த இடத்தில் யாருக்குக் குறைவு?

நம் சட்டம் என்ன சொல்கிறது? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பட்டியலிட்ட 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இட ஒதுக்கீடும், அரசு வேலையில் 4 சதவீதமும் அதில் உண்டு. அந்த நான்கில் ஒரு சதவீதத்தை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் போன்றவை பகிர்ந்துகொள்கின்றன. நியாயமான வசதி செய்துதர மறுப்பதே பாகுபாடு என்கிறது அதே சட்டம். ஆனால் 2021-ல் அரசிதழில் வந்த பி.எஸ்சி. நர்சிங் விதிமுறைகளில் இந்திய நர்சிங் கவுன்சில் மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டைக் காலில் 40 முதல் 50 சதவீதம் வரை இயக்கக் குறைபாடு உள்ளவர்களுக்கு என்று சுருக்கிவிட்டது. சட்டப்படி உரிமை உள்ள பெண், விதிப்படி அந்த வரிசையில் நிற்க முடியாது. 2024 அக்டோபரில் ஓம்கார் கோண்ட் வழக்கில், எம்.பி.பி.எஸ். சேர்க்கையை மறுக்கக் குறைபாட்டின் சதவீதம் மட்டும் போதாது, அவரால் அந்தப் படிப்பைப் படிக்க முடியுமா என்று பார்க்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். நர்சிங்குக்கும் அதே நியாயம்தானே பொருந்தும்?

ஆகவே தேடிவரும் பெற்றோரிடம் நான் சொல்வது இது. சேருங்கள், ஆனால் முதலில் அவளை ஒரு வார்டுக்குள் கொஞ்ச நேரம் நிறுத்திப் பாருங்கள். வாசனையையும் வெளிச்சத்தையும் அவள் உடம்பு எப்படி எடுத்துக்கொள்கிறது என்று அவளே தெரிந்துகொள்ளட்டும். படித்த பிறகு போகக்கூடிய இடம் ஒன்றுதான் என்று இல்லை. டயாலிசிஸ் யூனிட்டில் அதே நோயாளிகள் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை அதே நேரத்துக்கு வருகிறார்கள். முகங்களும் மெஷினும் முறையும் பழகிவிடும். ஆபரேஷன் தியேட்டரில் ஒவ்வொரு பொருளுக்கும் இடமும் எண்ணிக்கையும் உண்டு. பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில், நல்ல முறையில் நடத்தினால், வெளிச்சத்தையும் சத்தத்தையும் குழந்தைகளுக்காகக் குறைத்தே வைத்திருப்பார்கள். கேஷுவால்ட்டியில்தான் எனக்கு நிம்மதி என்பவர்களும் இருக்கிறார்கள். அங்கே யாரும் வளைத்துப் பேசுவதில்லை. தேர்வு அவளுடையதாக இருக்க வேண்டும். ஒத்துவரவில்லை என்று அவள் திரும்பிவந்தால், அதையும் தோல்வி என்று வீட்டில் யாரும் சொல்லக் கூடாது.

இத்தனையும் யோசித்த பிறகு எனக்குத் தெளிவானது ஒன்று உண்டு. நோயில் விழுந்த எந்த மனிதரையும் பாருங்கள். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது. சின்னச் சத்தமும் தூக்கிவாரிப் போடுகிறது. சாப்பாட்டு வாசனை குமட்டுகிறது. முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு கை வந்து தொடுகிறது, ஊசி ஏறுகிறது, கட்டில் நகர்கிறது. கால்மாட்டில் நின்று நான்கு பேர் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள், பாதி புரியவில்லை. அடுத்து என்ன நடக்கும் என்று யாரும் சொல்வதில்லை. கேட்டால் எரிந்து விழுவார்களோ என்று பயமாக இருக்கிறது. ஆட்டிசம் உள்ள ஒருவர் பள்ளியிலும் பஸ்ஸிலும் கல்யாண மண்டபத்திலும் தினமும் எதிர்கொள்வது இதைத்தான். நலமாக இருப்பவர்கள் ஆஸ்பத்திரியில் படுக்கும் சில நாட்களில் மட்டும் அங்கே போய்த் திரும்புகிறார்கள், வீட்டுக்கு வந்ததும் மறந்துவிடுகிறார்கள். நோயாளியின் உலகத்தை வெளியிலிருந்து படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் நாம். அதற்குள்ளேயே வளர்ந்தவள் நம் கல்லூரி வாசலில் விண்ணப்பத்தோடு நிற்கிறாள். அவள் தாக்குப்பிடிக்க முடியாத வார்டில் நோயாளியும் தூங்க முடியாது. அவளால் எட்டு மணி நேரம் நின்று வேலை செய்ய முடிகிற வார்டு, உடம்பு தேறுவதற்கு ஏற்ற வார்டு.

நர்சிங் கல்லூரி முதல்வர்களே, வார்டு இன்சார்ஜ் சிஸ்டர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். வைவாவில் சரியான பதிலைச் சொன்ன மாணவிக்கு, கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை என்பதற்காக மார்க்கைக் குறைக்காதீர்கள். டியூட்டி ரோஸ்டரை முன்கூட்டியே ஒட்டுங்கள். மாற்றினால் காரணத்தோடு சொல்லுங்கள். ஹேண்டோவரை வாயால் சொல்வதோடு எழுதியும் கொடுங்கள். சத்தத்தைக் குறைக்கும் இயர்பிளக் போட்டுக்கொள்ள அனுமதி கேட்டால் கொடுங்கள். பேச்சு கேட்கும் வகையில் இப்போது கிடைக்கிறது. ஐந்து நிமிடம் தனியாக உட்கார ஒரு ஸ்டோர் ரூம் மூலை போதும். இதற்கெல்லாம் செலவே இல்லை. இந்திய நர்சிங் கவுன்சில் தன் ஒதுக்கீட்டு விதியை 2016-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ஏற்பத் திருத்த வேண்டும். அதைக் கேட்டு நீங்கள் எழுத வேண்டும். நாளைக் காலை ரவுண்ட்ஸில் ஒருத்தி வந்து, உங்கள் முகத்தைப் பார்க்காமல், ஒன்பதாம் பெட்டில் மூச்சு 28 என்று சொன்னால், எழுந்து ஒன்பதாம் பெட்டுக்குப் போங்கள்.